ஃப்ரீசரில் ஒரு ரூபாய்

தள்ளுவண்டிக்காரர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பார். பாய் ஒரு கை கத்தரிக்காயை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, பாதியை வண்டி ஓரத்தில் தனியாக ஒதுக்கிப் போடுவார். "இது சொத்தை. இது முத்தல். இது சந்தேகம்." சந்தேகம் என்றாலும் கழிசல்தான். வண்டிக்காரர் என்னைப் பார்த்து, இந்தத் தெருவுக்கு வர்றதே உங்க ஹவுஸ் ஓனரால பேஜாராப் போச்சும்மா என்பார். ஆனாலும் மறுநாள் வருவார். பாய் கழித்தது போக மீதி சரக்கைப் பக்கத்து வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். பாய் பார்த்த வண்டி என்று அதற்கு ஒரு பேர்.

வீட்டுக்குள் அவர் போவது ஹாலின் வடக்கு ஜன்னலுக்கு. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் செலக்‌ஷனில் இருந்தவர். பதனிட்டு வந்த தோலை மேஜை மேல் விரித்து, எது முதல் தரம், எது இரண்டாம் தரம், எது ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. அதற்கு வடக்கு வெளிச்சம்தான் வேண்டுமாம். கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் தோலுக்குப் பவுடர் பூசிவிடும், கீறலும் உண்ணிக்கடியும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பார். சொந்த வீடு கட்டும்போது மேஸ்திரி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் வடக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஜன்னல் வைத்தார். அந்த ஜன்னலில் கத்தரிக்காய் போயிற்று, புடவை போயிற்று, மாத்திரை அட்டை போயிற்று, பால் பாக்கெட் போயிற்று. நல்லதாக இருந்தால் "போலாம்" என்று ஒரு சொல். அவ்வளவுதான். அந்தச் சொல்லை வாயிலிருந்து வாங்குவதற்குள் நமக்கு ஆயுசு பாதி குறையும்.

அவர் வீட்டு மாடியில் நான் ஆறு வருஷம் குடியிருந்தேன். அரசுப் பள்ளியில் டீச்சர். கணவருக்கு ராணிப்பேட்டையில் வேலை, வாரம் ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் எனக்குக் கீழ் வீடுதான் துணை. அவரை எல்லாரையும் போல நானும் பாய் என்றுதான் கூப்பிட்டேன். அவர் மனைவியை ஆபா என்பேன். அவர்கள் பாஷையில் அக்கா.

ஒருநாள் கடைவீதியில் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு பெருமையாக வந்தேன். படியேறுவதற்குள் பாய் பார்த்துவிட்டார். கையை நீட்டினார். ஒரு செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய் வாரை மடித்தார், கட்டை விரலால் தேய்த்தார், திருப்பிக் கொடுத்தார். "ஒரு மழை தாங்கும்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் கேட்டேனா உங்களை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மாடிக்குப் போனேன். அந்த வருஷம் முதல் மழையில் பஸ் ஸ்டாண்டில் வார் பிய்ந்துகொண்டது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நனைந்து வந்தவளை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கோபப்பட்டிருக்கலாம்.

பொருளோடு நின்றாலும் பரவாயில்லை. மனுஷர்களையும் ஜன்னலுக்குக் கூப்பிடுவார். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் நான் தூங்கிவிட்டேன் ஒருநாள். தொட்டி வழிந்து வாசலெல்லாம் தண்ணீர். நான் போடவே இல்லை பாய் என்று சாதித்தேன். அவர் சத்தம் போடவில்லை. "வெளிச்சத்துக்கு வாங்க டீச்சரம்மா" என்றார். நாற்பது வயசுப் பொம்பளை, ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிறவள், அந்த ஜன்னல் முன்னால் நின்று நான்தான் போட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னை மட்டும் இவரு ஜன்னலாண்ட நிக்க வெச்சுப் பார்க்கல டீச்சர். எங்க நிக்காஹ்ல பொண்ணை முன்னாடியே காட்ற பழக்கம் இல்ல. பார்க்காம பாஸ் பண்ண சரக்கு நான் ஒருத்திதான்" என்றார் ஆபா.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனுஷருக்கு வெட்கம் வரும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கும் அவருக்கும் நிரந்தரச் சண்டை ஒன்று உண்டு. நான் மாடிப்படியில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவேன். முப்பத்துமூன்று வாங்கிய பிள்ளைக்கு எங்காவது இரண்டு மார்க் தேடிப் பிடித்துப் போட்டு முப்பத்தைந்தாக்கி விடுவேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, சந்தேகம்னா தள்ளணும் டீச்சரம்மா, இல்லாட்டி நாளைக்கு ஷூ போட்டுக்கிட்டுப் போறவன் கால்ல கிழியும் என்பார். பிள்ளைகள் ஆட்டுத்தோல் இல்லை பாய் என்று நான் கத்துவேன். அதிலிருந்து எனக்கு கிரேஸ் மார்க் டீச்சர் என்று பேர் வைத்துவிட்டார். நான் ஊற்றும் டீயைக் குடித்துவிட்டுக் கூட, "முப்பத்தி மூணு. போனாப் போகுது, ரெண்டு போட்டுக்குங்க" என்பார்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் ஆபாவுக்குக் கிட்னி போயிற்று.

வாரத்துக்கு மூன்று நாள் வேலூரில் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு ஆபாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு பாய் பஸ்ஸுக்குப் போவார். சாயங்காலம் திரும்பும்போது ஆபா பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். ஆலங்காயத்தில் இருக்கிற அவர் தங்கை, நான் கிட்னி தர்றேன் என்று தயாராக நின்றாள். டெஸ்ட்டெல்லாம் பொருந்திவிட்டது. ஆனால் டாக்டர் ஒன்று சொல்லிவிட்டார். ரத்தத்தில் ஆல்புமின் ரொம்பக் குறைவு, அது மூன்றரைக்கு வராமல் ஆபரேஷனைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்காது, தினமும் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிட வேண்டும் என்று. மஞ்சள் கரு கூடாது.

பாய் அந்த ரிப்போர்ட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். "ஆல்புமினா? இது நம்ம ஃபினிஷிங்ல போடற சரக்கு டீச்சரம்மா. தோல் பளபளன்னு வர்றதுக்கு இதைத்தான் கரைச்சு அடிப்பாங்க. சூடு காட்டினா திரிஞ்சிரும்" என்றார். அவருக்குத் தெரிந்த பொருளாக இருந்ததில் ஒரு தைரியம் வந்த மாதிரி இருந்தது. முப்பது வருஷம் பழகிய சரக்கு, கைவிட்டுவிடாது என்று நினைத்திருப்பார்.

ஆபாவுக்கு முட்டை நாற்றம் ஆகவில்லை. அவித்துக் கொடுத்தால் ஓங்கரித்து வெளியே வந்துவிடும். பாய் மிளகு போட்டுப் பார்த்தார், புதினா போட்டுப் பார்த்தார், கஞ்சியில் கலந்து ஏமாற்றிப் பார்த்தார். மூக்குக்குத் தெரிந்துவிடும். அப்போது பெங்களூரில் வேலை பார்த்த பாயின் அக்கா மகன் ஒரு வழி சொன்னான். பேக்கரிக்காரர்களுக்கும் ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கும் என்று, வெள்ளைக்கருவை மட்டும் பிரித்துக் கிருமி போகச் சூடுபடுத்தி, பால் மாதிரி ஒரு லிட்டர் டப்பாவில் அடைத்து விற்கிறார்களாம். நாற்றமே இல்லையாம். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து ரயிலில் கொண்டுவந்தான். பாய் அதைத் தோசைக்கல்லில் மெல்லிசாக ஊற்றி, கொஞ்சம் மிளகுத்தூள் தூவி, சுருட்டிக் கொடுத்தார். ஆபா ஒரு விள்ளல் வாயில் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கிற்று. வெள்ளை தோசை என்று அதற்குப் பேராயிற்று.

மாதம் ஒரு தடவைதான் அந்தப் பையனால் வர முடியும். அதனால் மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் உறைய வைக்க வேண்டியதாயிற்று. அதைக் கற்றுக்கொள்ள பாய் இரண்டு டப்பாவைப் பலி கொடுத்தார். முதல் டப்பாவை அவசரத்துக்கு வெந்நீரில் நிறுத்தி இளக்கப் பார்த்தார். ஓரமெல்லாம் வெந்து கட்டி கட்டியாகிவிட்டது. சூடு காட்டினால் திரியும் என்று சொன்ன வாயாலேயே தன்னைத் திட்டிக்கொண்டார். இன்னொன்றைத் திறந்து ஒரு டம்ளர் எடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப உறைய வைத்தார். இளகும்போது தண்ணி தனி, கொழகொழப்பு தனி என்று பிரிந்து நின்றது. அதற்கப்புறம் சட்டம் போட்டார். திறக்காத டப்பாவைத்தான் உறைய வைக்கலாம். முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துத் தானாக இளக விட வேண்டும். சமையல் மேடையில் வைக்கக் கூடாது. ஒரு தடவை இளகியது மறுபடி உறையக் கூடாது. திறந்தால் மூன்று நாளில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளி மை பேனாவால் தேதி எழுதினார். தோலில் குறை இருக்கிற இடத்தைச் சுழிக்கிற பேனா அது.

ஆம்பூர் கரண்டை நம்பி இத்தனையும் செய்கிறோமே என்றேன் நான். அதற்கும் அந்தப் பையனிடமிருந்தே ஒரு வித்தை கற்று வைத்திருந்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, அந்த ஐஸின் மேல் ஒரு ரூபாய்க் காசு. டம்ளர் எப்போதும் ஃப்ரீசரிலேயே இருக்கும். நாம் வீட்டில் இல்லாதபோது கரண்ட் போய் எல்லாம் இளகித் திரும்ப உறைந்திருந்தால், பார்க்கிறதுக்குக் கல்லு மாதிரி முன்பு போலவே இருக்கும். காசுதான் காட்டிக் கொடுக்கும். மேலே இருந்தால் போலாம். அடியில் கிடந்தால் எல்லாவற்றையும் கொட்டு.

"நடுவுல இருந்தா?" என்று கேட்டேன், சும்மா வம்புக்கு.

"நடுவுல இருந்தா சந்தேகம். சந்தேகம்னா இன்னா?"

"தள்ளணும்" என்றேன், வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கிற ராகத்தில்.

ஆபா உள்ளிருந்து, பாவம் அந்த ஒரு ரூபாய், அதுக்கும் வேலை குடுத்துட்டாரு என்றார்.

நாலு மாதத்தில் ஆல்புமின் மெதுவாக ஏறிற்று. மூன்றரைக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஏப்ரல் கடைசியில் ஒரு டெஸ்ட், அதில் வந்துவிட்டால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தங்கை ஆலங்காயத்தில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். அதே மாதம் அக்கா மகனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து விசா வந்துவிட்டது. போகிறதுக்கு முன்னால் கடைசியாக ஏழு டப்பா கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போனான். டெஸ்ட் வரைக்கும் அது போதும் என்று பாய் கணக்குப் போட்டார்.

ஏப்ரல் நடுவில் ஆபாவின் கழுத்தில் இருக்கிற டயாலிசிஸ் குழாயை மாற்ற வேண்டும் என்று சனிக்கிழமை வேலூரில் படுக்க வைத்தார்கள். பாய் சாவியை என்னிடம் கொடுத்தார். கரண்ட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால், மீன் மார்க்கெட் பக்கத்தில் ஐஸ் வாங்கி வந்து ஃப்ரீசருக்குள் வைக்க வேண்டும். அதுதான் எனக்கு வேலை. வேறு ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு நாலடி போனவர் திரும்பி வந்து இன்னொரு தடவை சொன்னார். போங்க பாய், நான் சின்னப் பிள்ளையா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டையில் என் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம். காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம் என்று போனேன். ஆராதனை முடிந்து பிரியாணி சாப்பிட்டு, எல்லாரும் ஜமக்காளத்தை விரித்துக் கதை பேசிக்கொண்டிருந்தோம். மூன்று மணி இருக்கும், எதிர்வீட்டுப் பெண் போன் செய்தாள். பதினோரு மணிக்கே தெரு முனையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது, எப்போது வருமோ தெரியாது என்றாள். அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் தாங்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆள் வந்து இந்நேரம் சரிபண்ணியிருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். நாத்தனார் இருந்துட்டுப் போ அண்ணி என்றாள், இருந்துவிட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்ட இரண்டு மார்க்கை எனக்கும் போட்டுக்கொண்டேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் ராணிப்பேட்டையிலிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போய்விட்டு, சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தேன். விடிகாலையில்தான் கரண்ட் வந்ததாம். ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்தேன். ஏழு டப்பாவும் கல்லு. தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்றது. கர்த்தரே, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் டம்ளரைப் பார்த்தேன். மேலே வெறும் ஐஸ். தூக்கிப் பார்த்தால் காசு கண்ணாடியின் அடியோடு அடியாகக் கிடந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஐஸ் கழன்றுவிடும், காசை எடுத்து மேலே வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று எனக்குத் தோன்றியது. குழாய் வரைக்கும் கொண்டுபோனேன். குழாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அந்த மனுஷர் வெளிச்சத்துக்கு வாங்க என்று சொன்னால் என் மூஞ்சி சொல்லிவிடும். அந்தப் பயத்தில்தான் நிறுத்தினேன், நேர்மையில் இல்லை.

ஆறு மணிக்கு வந்தார்கள். ஆபாவைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அவர் ஹாலுக்கு வந்ததும் டம்ளரை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன், மூன்று மணி போன் உட்பட. அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சம் போகும் வரைக்கும் அங்கேயே நின்றார். ஐஸ் கரைந்து அவர் மணிக்கட்டு வழியாக ஒழுகியது. உள்ளேயிருந்து ஆபா, "இன்னா, ரெண்டு பேரும் அங்க பொண்ணு பார்க்கிறீங்களா?" என்று கேட்டார். பாய் ஒண்ணுமில்ல என்றார்.

நானே பெங்களூருக்குப் போய் வாங்கி வருகிறேன், நாளைக்குக் காலை ரயிலைப் பிடிக்கிறேன் என்றேன். அந்தக் கடைக்குப் போன் போட்டோம். சரக்கு தீர்ந்துவிட்டது, வர பத்து நாளாகும் என்றார்கள். டெஸ்ட்டுக்கு இருந்ததே பன்னிரண்டு நாள். வேறு கடையைத் தேடியிருக்கலாம். சென்னைக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். இன்றைக்கு எனக்குப் பத்து வழி தெரிகிறது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

மறுநாள் பாய் ஆபாவுக்கு மறுபடி அவித்த முட்டையைக் கொடுத்துப் பார்த்தார். வாந்தி. குடித்த தண்ணீரும் சேர்ந்து வந்தது. அதற்கு மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது, கொட்டாமல் வைத்திருந்த ஏழில், கீழ்த்தட்டில் இளகின டப்பா ஒன்றைத் திறந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முகர்ந்தார். கிண்ணத்தைச் சாய்த்து ஓரம் பார்த்தார். விரலால் தொட்டு இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் தண்ணியாக இருந்தது, அவ்வளவுதான்.

"டீச்சரம்மா, நீங்க இன்னா சொல்றீங்க?"

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. வேறு யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. கொட்டிடுங்க பாய் என்று சொல்ல வேண்டியவள் நான். ஆனால் கெடுத்தவளும் நான்தானே. கொட்டச் சொல்லிவிட்டு அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பேன்? நாத்தம் ஒண்ணும் இல்லையே பாய் என்றேன்.

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா வேக வெச்சா..." என்று இழுத்தார். அப்புறம் "போலாம்" என்றார். எத்தனையோ தடவை கேட்ட சொல்தான். அன்றைக்கு அவர் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வெள்ளை தோசை கருகுகிற அளவுக்குச் சுட்டார். ஒன்பது நாள் கொடுத்தார். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் நான் மாடியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு ஆபாவின் குரல் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்ட பிறகுதான் எனக்கு டீ இறங்கும். எட்டாம் நாள் ஆபாவுக்கு வயிற்றால் போயிற்று. ஒருநாள் இருந்து நின்றுவிட்டது. வெயில் சூடு என்றோம். பத்தாம் நாள் டயாலிசிஸில் படுத்திருக்கும்போதே குளிர் தூக்கிப் போட்டது. ஜுரம். ரத்தத்தில் கிருமி என்று ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். டெஸ்ட்டுக்குக் குறித்த நாளில் ஆபா கண்ணைத் திறக்கவில்லை. அதற்கு நாலாம் நாள் முடிந்துபோயிற்று.

கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது, இந்த மாதிரி நோயாளிகளுக்கு இது வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். பாய் அவரிடம் சாப்பாட்டில் இருந்து வந்திருக்குமா என்று கேட்டார். அப்படி இருக்காதுங்க, அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க என்றார் டாக்டர். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த எட்டாம் நாள் வயிற்றுப் போக்கைப் பாய் டாக்டரிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து வந்து அவர் அழவில்லை. சொந்தக்காரர்கள் கலைந்து போனார்கள். நான் சாப்பாடு கொண்டுபோய் வைப்பேன். எடுத்துப் பார்க்காமல், திருப்பிப் பார்க்காமல், வைத்ததைத் தின்றுவிடுவார். உப்பில்லாத ரசத்தை ஒருநாள் அப்படியே குடித்தார். தள்ளுவண்டிக்காரர் வந்து கூப்பிட்டால், எதையாவது போட்டுட்டுப் போ என்பார். வண்டிக்காரர் பயந்துபோய் நல்லதாகப் பொறுக்கி வைத்துவிட்டுப் போவார். ஏன் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, ஏன் டீக்கு மார்க் போடவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

ஆபாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுநாள். மாதனூருக்கு எனக்கு மாறுதல் வந்திருந்தது, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்வதற்காகக் கீழே போனேன். சாயங்காலம் நாலரை மணி. ஹாலில் ஜன்னல் விரியத் திறந்திருந்தது, வெளிச்சம் நன்றாகவே இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் இல்லை. சமையலறைக்குப் போகிற இருட்டு நடையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். திரும்பப் போனவளைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா. அந்தக் காசு..."

நின்றேன்.

"நடுவுலதான இருந்துச்சு? அடியில இல்லியே?"

சாயங்கால வெளிச்சத்தில், கையில் ஐஸ் ஒழுக ஒழுக நின்று பார்த்த மனுஷர் கேட்கிறார். நான் கொடுத்த டம்ளரைப் பற்றி என்னிடமே கேட்கிறார். என்னிடம் என்ன இருக்கிறது கொடுக்க? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மேலதான் பாய் இருந்துச்சு."

அவர் வேகமாகத் தலையை அசைத்தார். "மேல இல்ல டீச்சரம்மா. நடுவுல."

மேலே என்றால் அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. சந்தேகமாவது மிஞ்சினால் போதும் என்று உட்கார்ந்திருந்தார், சந்தேகத்தையெல்லாம் தள்ளிக் கழித்தே வாழ்ந்தவர்.

"ஆமா பாய். நடுவுலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நாலடி தள்ளி ஜன்னல் திறந்து கிடந்தது. வெளிச்சத்துக்கு வாங்க என்று கூப்பிடுவார் என்று நின்றேன். அவர் கூப்பிடவில்லை.